உளவியல் ஆலோசனை: தோட்டப்புற மலேசியாவில் கோட்பாடும் நடைமுறையும்

உளவியல் ஆலோசனை என்பது, மனச்சுமையோடு வருபவர் தம் நிலையைத் தெளிவாகக் கண்டு, தமக்குரிய முடிவைத் தாமே எடுக்கும்படி பயிற்சி பெற்ற ஒருவர் துணைநிற்கும் தொழில்முறைப் பணி. மருந்து எழுதித் தருவது மனநல மருத்துவரின் வேலை. புத்தி சொல்வது பெரியவர்களின் வழக்கம். ஆலோசனை இரண்டிலும் சேராது. வருபவரை ஏற்றுக்கொள்ளல், கவனித்துக் கேட்டல், குற்றம் காணாமை, அவருடைய முடிவுரிமையை மதித்தல், இரகசியம் காத்தல் ஆகிய ஐந்தும் இதன் அடிப்படைகள். இவற்றுள் இரகசியம் காத்தலே முதன்மையானது. மற்ற நான்கும் அதை நம்பியே நிற்கின்றன. நெகிரி செம்பிலானில் ரந்தாவைச் சுற்றியுள்ள தோட்டப்புறங்களின் வாழ்க்கை இதற்குப் போதிய சான்று தருகிறது.

இத்துறையின் தொடக்கம் மனநோயோடு தொடர்புடையதன்று. 1908-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் பிராங்க் பார்சன்ஸ், வேலை தேடும் இளைஞர்களுக்காக ஒரு தொழில் வழிகாட்டி நிலையத்தைத் தொடங்கினார். தன்னை அறிதல், தொழிலை அறிதல், இரண்டையும் பொருத்திப் பார்த்தல் என்பது அவர் வகுத்த முறை. அதை விளக்கும் அவரது நூல் 1909-இல் வெளிவந்தது. கார்ல் ரோஜர்ஸ் 1942-இல் வெளியிட்ட நூல் இத்துறையின் மையத்தையே மாற்றியது. கேள்வி கேட்டு விடை சொல்லும் வல்லுநரை விலக்கி, வருபவரையே அவர் நடுவில் வைத்தார். வருபவரின் உணர்வைப் புரிந்துகொள்ளல், நிபந்தனையற்ற மதிப்பு, ஆலோசகரின் உண்மைத்தன்மை ஆகியவை இருந்தால் மனிதர் மாறுவர் என்று 1957-இல் வாதிட்டார். 1950களில் ஆல்பர்ட் எல்லிசும் 1960களில் ஆரன் பெக்கும் பிழையான எண்ணங்களைச் சோதித்துத் திருத்தும் முறையை வளர்த்தனர். உள்மனப் பகுப்பாய்வு, மனிதநேய அணுகுமுறை, அறிவு-நடத்தை அணுகுமுறை என இன்று பாடநூல்களில் காணும் மூவகைப் பிரிவில் பின்னிரண்டுக்கும் இவையே அடித்தளம்.

ரந்தாவ், சிரம்பான் மாவட்டத்தைச் சேர்ந்த சிற்றூர். லிங்சம், கொம்போக் தோட்டங்களின் பெயரால் அமைந்த தமிழ்ப்பள்ளிகள் இவ்வட்டாரத்தின் ரப்பர் காலத்தை இன்றும் நினைவூட்டுகின்றன. லயங்கள் எனப்பட்ட தோட்டத்து வரிசை வீடுகளில் ஒரு சுவருக்கு இருபுறமும் இரு குடும்பங்கள் வாழ்ந்தன. ஒரு வீட்டு அழுகை அடுத்த வீட்டுக்குக் கேட்காமல் இராது. 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் தோட்டத்தில் பள்ளி வைக்க வழிசெய்தது. குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஆயாக்கொட்டகை இருந்தது; மருந்து கொடுக்க டிரெசர் எனப்பட்ட மருத்துவ உதவியாளர் இருந்தார். மனத்துயருக்கு மட்டும் இடம் இல்லை. கள்ளுக்கடையை மூட வேண்டும் என்பது 1941-ஆம் ஆண்டுக் கிள்ளான் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தக் கோரிக்கைகளுள் ஒன்றானதிலிருந்து, குடும்பங்கள் பட்ட பாட்டை ஊகிக்கலாம். சண்டை முற்றினால் மேற்பார்வையாளரான தண்டலிடமோ எழுத்தரான கிராணியிடமோ போவார்கள். பேர் போடுபவரும் வேலை கொடுப்பவரும் அவர்களே. மனத்தைத் திறந்து பேசுவது பிழைப்பையே பணயம் வைப்பதாக இருந்த இடத்தில், மௌனமே பாதுகாப்பாக இருந்தது.

இரகசியம் காக்கும் ஆலோசகர் தேவை என்பதற்கு இரண்டு மறுப்புகள் உண்டு. கோயில், உறவு, ஊர்ப் பெரியவர்கள் இருக்கும்போது ஆலோசகர் எதற்கு என்பது ஒன்று. அவர்கள் தரும் ஆறுதல் மெய்யானது. ஆனால் அவர்கள் இரு தரப்பையும் அறிந்தவர்கள், குடும்ப மானத்தைக் காக்க வேண்டியவர்கள். கணவனிடம் அடிபடும் பெண்ணுக்கு அவர்கள் சொல்வது பெரும்பாலும் பொறுமைதான். தனிமனித இரகசியம் மேற்கத்தியக் கருத்து, நம் குடும்பங்களுக்கு ஒட்டாது என்பது மற்றொன்று. இரகசியம் குடும்பத்தை விலக்குவதில்லை. யாரை, எப்போது உள்ளே அழைப்பது என்ற உரிமையை வருபவரிடம் தருகிறது. மனத்துயரில் இருப்போருக்குச் செவிகொடுக்க 1970-இல் கோலாலம்பூரில் தோன்றிய பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பும், 1986-இல் மருத்துவர் லட்சுமி விஜயகுமார் சென்னையில் நிறுவிய சினேகாவும் முன்பின் தெரியாத ஒருவரிடம் பேசும் வழியையே திறந்துவைத்தன. ஆசிய நகரங்களிலும் அதற்குத் தேவை இருந்தது.

நடைமுறையில், முதல் சந்திப்பிலேயே இரகசியத்தின் எல்லை சொல்லப்பட வேண்டும். உயிருக்கு ஆபத்து, சிறார் கொடுமை, நீதிமன்ற ஆணை ஆகிய நிலைகளில் அது தளரும். பின்னர்ச் சிக்கலை அடையாளம் காணல், இலக்கு வகுத்தல், வழிகளை ஆராய்தல், முடிவை மறுபரிசீலித்தல் எனப் பணி தொடரும். தற்கொலை எண்ணம் உண்டா என்று நேராகக் கேட்பது அந்த எண்ணத்தை விதைக்காது. கேட்பதே பலருக்கு ஆறுதல். தம் திறனுக்கு மீறிய நிலையில் மருத்துவரிடம் அனுப்புவதும் ஆலோசகரின் கடமை.

மலேசியாவில் ஆலோசகர் சங்கமான பெர்காமா 1980-இல் அமைந்தது. 1998-ஆம் ஆண்டு ஆலோசகர் சட்டம், பதிவையும் தொழில் சான்றிதழையும் கட்டாயமாக்கி, இரகசியத்தைச் சட்டக் கடமையாக்கியது. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய தண்டனைச் சட்டத்தின் 309-ஆம் பிரிவு 2023-இல் நீக்கப்பட்டது. சிறைக்கு அஞ்சி வாய்மூடியவர்கள் பேச அது வழிவிட்டது. இன்று ரந்தாவில் ரப்பரின் இடத்துக்குச் செம்பனை வந்துவிட்டது, பல குடும்பங்கள் தாமான் எனப்படும் குடியிருப்புகளுக்குக் குடிபெயர்ந்துவிட்டன. ஆனாலும் தமிழில் பேசும் ஆலோசகர்கள் இன்னும் தேவைப்படுகிறார்கள். உதவி நாடுவோர் ஆலோசகரின் பதிவைக் கேட்டறிவதும், முன்சொன்ன விதிவிலக்குகள் தவிர, பேசியது வெளியே போகாது என்ற உறுதியை முதலிலேயே பெறுவதும் நன்று. நெருக்கடியில் இருப்பவர்கள் சுகாதார அமைச்சின் ஹீல் 15555 எண்ணை அழைக்கலாம்.