பைடில் மருந்தின் வரலாறு: இதயச் செயலிழப்புச் சிகிச்சையில் இனமும் விலையும்

இதயச் செயலிழப்பு என்பது இதயம் நின்றுபோவதன்று. உடலுக்கு வேண்டிய அளவு குருதியைச் செலுத்த அது இயலாமற்போகும் நிலையாகும். வில்லியம் விதரிங் 1785இல் டிஜிடாலிஸ் செடியைப் பற்றி நூல் வெளியிட்ட காலந்தொட்டு ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள், மூச்சுத்திணறலையும் வீக்கத்தையும் தணிப்பதே இந்நோய்க்கான மருத்துவமாக இருந்தது. மருந்தினால் நோயாளியின் வாழ்நாளை நீட்டிக்கக்கூடும் என்பதற்கான சான்று 1980களில்தான் கிடைத்தது. அச்சான்றை முன்னதாகத் தந்த மருந்திணையே 2005இல் அமெரிக்காவில் ஓர் இனத்தாருக்கென மட்டும் ஒப்புதல் பெற்றது. அது எவ்வாறு நிகழ்ந்தது, அதனால் அம்மக்களுக்குச் சிகிச்சை எளிதில் கிட்டியதா என்பவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

படைவீரர் மருத்துவமனைகளில் தொடக்கம்

ஜே கோன் தலைமையில் அமெரிக்க முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளில் 642 ஆண்களிடம் நடத்தப்பட்ட ஆய்வின் முடிவு 1986இல் வெளிவந்தது. ஹைட்ராலசின், ஐசோசார்பைட் டைநைட்ரேட் என்னும் இரண்டும் அப்போதே பழைய மருந்துகள், இரத்தக்குழாய்களை விரிப்பவை. இவ்விரண்டையும் சேர்த்து உண்டவர்களிடையே, மருந்துப்போலி உண்டவர்களைக் காட்டிலும் இறப்பு குறைந்திருந்தது. ஆயினும் புள்ளியியல் நோக்கில் அம்முடிவு எல்லைக்கோட்டிலேயே நின்றது. 1991இல் வெளியான இரண்டாம் ஆய்வில் எனலாப்ரில் இவ்விணையை விஞ்சியது. ஈராண்டு இறப்பு எனலாப்ரில் பெற்றோரிடம் 18 விழுக்காடாகவும், இணை பெற்றோரிடம் 25 விழுக்காடாகவும் இருந்தது. மருத்துவ உலகம் எனலாப்ரில் பக்கம் சாய்ந்ததில் வியப்பில்லை.

இதற்கிடையில் இரு மருந்துகளையும் ஒரே மாத்திரையாக்கி, 'பைடில்' எனப் பெயரிட்டு, ஒப்புதல் கோரப்பட்டது. அப்போது இனம் பற்றிய பேச்சே இல்லை. பழைய தரவுகளின் புள்ளியியல் வலு போதாதென்று 1997இல் உணவு மற்றும் மருந்து நிர்வாகம் ஒப்புதலை மறுத்தது.

காப்புரிமையும் இனமும்

இம்மறுப்புக்குப் பின்னரே பழைய தரவுகள் இன அடிப்படையில் மீண்டும் பகுக்கப்பட்டன. கறுப்பின நோயாளிகளிடம் இவ்விணை சிறப்பாகப் பயன்பட்டதாக 1999இல் ஒரு கட்டுரை வெளிவந்தது. ஆனால் முதல் ஆய்வில் இவ்விணையைப் பெற்ற கறுப்பினத்தார் 49 பேர் மட்டுமே. நைட்ரோமெட் நிறுவனம் உரிமையைப் பெற்றது. பழைய காப்புரிமை 2007இல் முடிவதாக இருந்தது. கறுப்பின நோயாளிகளுக்கான பயன்பாடு என்று குறித்து 2002இல் பெற்ற புதிய காப்புரிமையோ 2020 வரை நீண்டது. இனம் என்னும் ஒரு சொல் பதின்மூன்று ஆண்டுகளை ஈட்டித் தந்தது எனலாம்.

எனினும் இதனை வெறும் வணிகச் சூழ்ச்சி என ஒதுக்குவது பொருந்தாது. தம்மைக் கறுப்பினத்தவர் என அடையாளப்படுத்திக்கொண்ட 1050 பேரிடம் நடந்த ஆய்வில், இணை பெற்றோரிடம் இறப்பு 6.2 விழுக்காடாகவும் மருந்துப்போலி பெற்றோரிடம் 10.2 விழுக்காடாகவும் இருந்தது. பயன் தெளிவாகத் தெரிந்தமையால் 2004இல் ஆய்வு முன்கூட்டியே நிறுத்தப்பட்டது. கறுப்பின இதயநோய் மருத்துவர் சங்கமும் இவ்வாய்வுக்குத் துணைநின்றது. மருத்துவ ஆய்வுகளில் மிகச் சிலராகவே இடம்பெற்ற ஒரு மக்கட்பிரிவு, டஸ்கீகி ஆய்வின் கசப்பையும் நினைவிற் கொண்டிருந்த பிரிவு, தனக்கெனச் சான்று கேட்டதில் நியாயம் உண்டு. ஆனால் பிற இனத்தார் எவரும் அவ்வாய்வில் இல்லை. ஆகவே அம்மருந்து கறுப்பினத்தாருக்குப் பயன்படும் என்பதை அது நிறுவியதேயன்றி, அவர்களுக்கே பயன்படும் என்பதை நிறுவவில்லை. 2005 ஜூன் 23 அன்று கிடைத்த ஒப்புதலோ இவ்வேறுபாட்டைக் கருதாமல், மருந்தின் குறிப்பேட்டிலேயே இனத்தை எழுதியது.

விலை

ஒரு மாத்திரையின் விலை அப்போது ஏறத்தாழ 1.80 டாலராக இருந்தது. நாளொன்றுக்கு மூன்று முதல் ஆறு மாத்திரைகள் வேண்டும். முழு அளவில் உண்டவருக்கு அன்றாடச் செலவு பத்து டாலரைத் தாண்டியது. அதே இரு மருந்துகளும் தனித்தனியே, பொதுப்பெயரில், மிகக் குறைந்த விலைக்குக் கடைகளில் கிடைத்தன. காப்பீட்டு நிறுவனங்கள் பல நோயாளியின் பங்குத் தொகையை உயர்த்தின, அல்லது மலிவான தனி மாத்திரைகளைப் பரிந்துரைத்தன. எதிர்பார்த்த விற்பனை கைகூடாமல் 2008இல் நைட்ரோமெட் விளம்பரப் பணியைக் கைவிட்டது.

பைடில் தோற்றபின் மலிவான தனி மாத்திரைகள் அவ்விடத்தை நிரப்பினவா என்றால், அதுவும் நிகழவில்லை. இவ்விணையைச் சிகிச்சை வழிகாட்டி நெறிகள் உறுதியாகப் பரிந்துரைத்திருந்தும், தகுதியுடைய ஆப்பிரிக்க அமெரிக்க நோயாளிகளுள் கால் பங்கினருக்கும் குறைவானோரே வீடு திரும்புகையில் அதனைப் பெற்றனர் என 2013இல் வெளியான மருத்துவமனைப் பதிவேட்டு ஆய்வொன்று காட்டுகிறது. நாளுக்கு மூன்று வேளை உண்ண வேண்டியதும், தலைவலி போன்ற பக்கவிளைவுகளும் தடைகளாயின. விலை உயர்ந்த மாத்திரைக்கு விற்பனையாளர் இருந்தனர். காப்புரிமையற்ற மருந்தை மருத்துவரிடம் எடுத்துச் சொல்ல எந்நிறுவனத்துக்கும் ஆதாயம் இருக்கவில்லை.