விழப்போகும் பல்லுக்கு ஒரு படை

மகரகமவில் படித்துப் பள்ளிக்கூடப் பல் தாதியானவள் நான். கொழும்புத் திட்டத்தின் கீழ் அந்தப் பயிற்சிப் பாடசாலை அமைய உதவியது நியூசிலாந்து. எங்கள் பிள்ளைகளின் பல்லில் அவ்வளவு தூரத்து நாட்டுக்கு என்ன அக்கறை என்று படிக்கிற காலத்தில் கேட்கத் தோன்றவில்லை. ஓய்வு பெற்ற பிறகுதான் தேடினேன்.

எல்லாம் இராணுவத்தில் தொடங்கியிருக்கிறது. முதலாம் உலகப் போருக்கு ஆள் சேர்த்தபோது, திடகாத்திரமான பண்ணைப் பையன்களின் வாய் நிறையச் சூத்தைப் பல். 1915இல் பல் மருத்துவப் படை ஒன்றையே உருவாக்க வேண்டி வந்தது. அதை நடத்திய தோமஸ் ஹன்டர் போர் முடிந்ததும் சுகாதாரத் திணைக்களத்துக்கு மாறினார். இருபது வயதில் வாயைத் திறந்து பார்த்துப் பயனில்லை, பள்ளிக்கூடத்திலேயே பிடிக்க வேண்டும் என்பது அவர் கட்சி. அதற்குப் பல் வைத்தியர்கள் போதாது. ஆகவே இளம் பெண்களுக்கு இரண்டு வருடப் பயிற்சி. 1921இல் வெலிங்டனில் முதல் அணி.

வைத்தியர்களில் ஒரு பகுதியினர் எதிர்த்தார்கள். அரசாங்க வேலை மட்டும், பிள்ளைகளின் வாய் மட்டும் என்ற வேலிக்குள்தான் தாதிமாரை விட்டார்கள். ஏன் பெண்கள்? பிள்ளைகளிடம் பொறுமை என்றார்கள். குறைந்த சம்பளமும் கணக்கில் இருந்திருக்கும் என்பது என் எண்ணம்.

அமெரிக்காவில் 1913இலேயே அல்பிரட் ஃபோன்ஸ் பெண்களைப் பயிற்றுவித்தார். ஆனால் பல்லைச் சுத்தம் செய்யவும் துலக்கச் சொல்லிக் கொடுக்கவும் மட்டும். ஹன்டர் துளைகருவியையே கையில் கொடுத்தார். அந்தத் துணிச்சல் இன்றைக்கும் எனக்கு வியப்புத்தான். கருவி என்றால் மின்சாரமில்லாதது, தையல் மெசின் மாதிரிக் காலால் மிதிப்பது. மிதித்துக்கொண்டே துளைக்க வேண்டும், அழுகிற பிள்ளையையும் சமாளிக்க வேண்டும். அடைப்புக் கலவையில் மிஞ்சிய பாதரசத்தைத் துணியில் வைத்து விரலால் பிழிந்தார்கள். பிள்ளைகள் அந்தச் சிகிச்சை அறைக்கு வைத்த பட்டப்பெயர் ‘கொலை வீடு’.

1949இல் பினாங்கிலும் இதே முறையில் பயிற்சி தொடங்கியது. பிறகு இலங்கை. முதல் பல் முளைத்தால் பல்லுக்கொழுக்கட்டை அவித்துக் கொண்டாடும் எங்கள் தாய்மார், அதே பல் சூத்தையானால் “விழுகிற பல்லுத்தானே பிள்ளை” என்பார்கள். பாற்பல் அகாலத்தில் போனால் அடுத்த பல் கோணலாக வரும் என்று விளக்கியே எனக்குத் தொண்டை வறண்டது.

வேடிக்கை என்னவென்றால், சுத்தம் செய்வதையே தொழிலாகக் கொண்ட ஹைஜீனிஸ்டுகளை நியூசிலாந்து 1974இல்தான் பயிற்றத் தொடங்கியது. அதுவும் மறுபடி இராணுவத்தில். இப்போது இரண்டு தொழிலையும் ஒரே பட்டப்படிப்பாகப் படிக்கிறார்கள்; ஆண்களும் சேரலாம்.