திரைச்சீலையான சோழமண்டலச் சீட்டி

பதினேழாம் நூற்றாண்டின் முற்பகுதிவரை ஐரோப்பியச் செல்வர் வீடுகளில் கட்டிலையும் சன்னலையும் மறைத்த திரைகள் பெரும்பாலும் கம்பளி, பட்டு, வெல்வெட் ஆகியவற்றால் ஆனவை. குளிரைத் தடுத்தாலும், அவை நீரில் வெளுக்க இயலாதவையாகவும் தூசியைப் பிடித்துவைப்பவையாகவும் இருந்தன. வெளுத்தாலும் நிறம் மங்காத, எடை குறைந்த பருத்தித் துணி சோழமண்டலக் கரையிலிருந்து கப்பலேறியபோது, வீட்டுக்கு எத்துணி பொருத்தம் என்பதற்கான அளவுகோலே மாறிற்று. சீட்டி எனப்பட்ட அத்துணி மசூலிப்பட்டினம், பழவேற்காடு முதலிய துறைகள் வழியாகச் சென்றது.

அதன் சிறப்பு ஓவியத்தைவிடச் சாயத்திலேயே மிகுதியாக இருந்தது. துணியைக் கடுக்காயும் எருமைப்பாலும் கலந்த நீரில் நனைத்து உலர்த்தி, சிவப்பு வேண்டிய இடங்களில் படிகாரக் கரைசலையும், கரிய கோடுகளுக்கு இரும்பு ஊறிய காடியையும் மூங்கில் எழுதுகோலால் தீட்டினர். பின்னர்ச் சாயவேர் (கடலோர மணற்பாங்கில் வளரும் சிறு செடியின் வேர்) இட்ட நீரில் துணியைக் கொதிக்கவைத்தால், சாயத்தை நூலோடு பிணைக்கும் நிறமூன்றியாகிய படிகாரம் பட்ட இடத்தில் மட்டுமே சிவப்பு நிலைக்கும். நீலத்துக்கோ, மற்றப் பகுதிகளை மெழுகால் மூடி அவுரித் தொட்டியில் தோய்த்தனர். ஏட்டில் எழுதாமல் கைவழியாகவே காக்கப்பட்ட இவ்வறிவு உயர்ந்த வேதியியல் என்பதில் ஐயமில்லை. சோழமண்டலத்தில் பணியாற்றிய பிரெஞ்சு இயேசு சபைத் துறவி கேர்தூ, கிறித்தவரான சாயக்காரர்களிடம் கேட்டறிந்த இம்முறையை 1742இல் கடிதமாக எழுதி ஐரோப்பாவுக்கு அனுப்பினார்.

வாங்குவோர் விருப்பத்துக்கேற்ப ஓவியர்களும் மாறிக்கொண்டனர். சிவப்புத் தளத்தைக் குறைத்து வெண்தளத்தில் வண்ணப் பூக்கள் தீட்டுமாறு ஆங்கிலக் கம்பெனி 1643இல் கேட்டதையடுத்து அவ்வமைப்பே பெருகியது. ஆனால் உள்நாட்டுக் கம்பளி, பட்டு நெசவாளரின் எதிர்ப்பால் பிரான்சு 1686இலும் இங்கிலாந்து 1700இலும் தடை விதித்தன. 1720ஆம் ஆண்டின் ஆங்கிலச் சட்டம், வண்ணமிட்ட பருத்தியை உடையாக மட்டுமன்றிச் சன்னல் திரையாகவும் கட்டில் விரிப்பாகவும் பயன்படுத்துவதையே குற்றமாக்கியது. 1774இல் அத்தடை தளர்ந்தபோதும், அச்சலுகை பிரிட்டனிலேயே உருவான பருத்தித் துணிக்கு மட்டுமே கிடைத்தது. அடுத்த ஆண்டு நடிகர் டேவிட் காரிக்கின் மனைவிக்கு வந்த மசூலிப்பட்டினச் சீட்டிக் கட்டில் திரைகளைச் சுங்கத்தார் பறிமுதல் செய்தனர். தரத்தில் தோற்காத ஒரு தொழிலைச் சந்தையிலிருந்து அகற்றியதில் இயந்திரத்துக்கு முன்னரே சட்டத்துக்குப் பங்கு இருந்தது.