தோள் வாங்கிய அடி

மலருக்கு ஏதாவது எழுதுங்கள் என்றார்கள். பேராசிரியர்களையும் ஹாஸ்டல் சாம்பாரையும் மற்றவர்கள் பார்த்துக்கொள்வார்கள். நான் என்.சி.சி. துப்பாக்கியைப் பற்றி எழுதுகிறேன்.

1974-ல் எங்கள் கைக்கு வந்தது பாயிண்ட் 303 லீ-என்ஃபீல்டு. வெள்ளைக்காரன் காலத்து வடிவம். வங்கத்து இஷாப்பூரிலும் தயாரானது. எடை ஏறத்தாழ 4 கிலோ. 11 கிராம் குண்டு விநாடிக்கு 740 மீட்டர் வேகத்தில் முன்னால் பாய்ந்தால், துப்பாக்கி பின்னால் வந்துதானே ஆக வேண்டும்! குண்டின் பங்கே விநாடிக்கு 2 மீட்டர். வெடிமருந்து வாயுவின் பங்கு தனி. ஆவடியில் 1965 முதல் உருவான விஜயந்தா டாங்கியின் 105 மி.மீ. பீரங்கிக்குப் பின்னுதையை வாங்க எண்ணெய் உருளை உண்டு. எங்களுக்குத் தோள்தான் உருளை. கட்டையின் முடிவில் இருந்ததோ பித்தளைத் தகடு.

முதல் நாளே என் அறைத்தோழன் கண்ணை மூடிக்கொண்டு சுட்டான். ஐந்து குண்டும் எங்கே போயினவோ! தோள் கன்றிப் போயிற்று. "பயந்தாங்கொள்ளி" என்று பெயர் வைத்தோம். வைத்தவர்களில் நானும் ஒருவன். அடுத்த மாதமே அவன் என்.சி.சி.யை விட்டுவிட்டான்.

பல வருஷம் கழித்துத்தான் விஷயம் புரிந்தது. அந்தத் துப்பாக்கியின் பின்கட்டை ஒரே அளவு அல்ல. நீளம், சாதாரணம், குட்டை, அதைவிடக் குட்டையான 'பாண்டம்' என அரை அங்குல வித்தியாசத்தில் நான்கு அளவுகள். கட்டையின் மேல் எழுத்துக் குத்தியிருப்பார்கள். பின்தகட்டிலுள்ள சிறு மூடியைத் திறந்து, நீண்ட திருப்புளியால் ஒரு போல்ட்டைக் கழற்றினால் கட்டை மாறிவிடும். என் தோழன் ஐந்தடி இரண்டங்குலம். அவன் துப்பாக்கியில் 'எல்' எழுத்து இருந்தது. எண்ணெய் போடும்போது நானே பார்த்திருக்கிறேன், பொருள் தெரியவில்லை. நீளக் கட்டை தோள்குழியில் உட்காராமல் புஜத்தில் போய் இடித்திருக்கிறது.

ரப்பர் வைத்தால் தீருமா? நான் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ரப்பர் வார்ப்பில் காலம் தள்ளியவன், எனக்கும் அந்த ஆசை வந்தது. ஆனால் 1944-ல் வந்த 'ஜங்கிள் கார்பைன்' கதையைப் பாருங்கள். அதே குண்டு, எடை மட்டும் சுமார் 3.2 கிலோ; ஆகவே உதை கூடியது. ரப்பர் பட்டை வைத்தார்கள். அது குறுகலானது, அடி முழுவதும் சின்ன இடத்தில் இறங்கியது. வெயிலிலும் காற்றிலும் ரப்பர் இறுகியதும் மரக்கட்டையே மேல் என்றாயிற்று. ரொம்ப மெதுவான ரப்பரும் உதவாது. ஒரே அழுத்தில் தரை தட்டிவிடும். பட்டை தடிமனானால் அந்த அளவுக்குக் கட்டையை அறுக்க வேண்டும். இல்லாவிட்டால் குட்டைக்காரன் கதி மறுபடியும் அதேதான். முதலில் நீளம், பிறகு அகலம், மெத்தை கடைசியில் என்பது என் கட்சி.

போன மாதம் தோழனிடம் போனில் இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. "அம்பது வருஷம் கழிச்சு சொல்றியேடா" என்றான். கூட்டத்துக்கு வருகிறான்.