ஆபிரகாம் லிங்கன்: அரசியல் கருத்துகளும் கூற்றுகளும்

ஆபிரகாம் லிங்கன் (1809–1865) அமெரிக்க ஐக்கிய நாடுகளின் 16ஆவது குடியரசுத் தலைவர். இல்லினாய் மாநிலத்தில் வழக்கறிஞராக இருந்து அரசியலுக்கு வந்தவர். அரசியல் கோட்பாட்டு நூல் எதையும் அவர் எழுதவில்லை. அவரது சிந்தனை மேடைப் பேச்சுகளிலும் கடிதங்களிலும் அரசு ஆவணங்களிலும் சிதறிக் கிடக்கிறது. இதனால், அடிமை முறையின் பகைவர் என்று அவரைப் போற்றுவோருக்கும், அதில் அக்கறையற்றவர் என்று சாடுவோருக்கும் ஏற்ற வரிகள் அவரிடமே கிடைக்கின்றன. அடிமை முறை தவறு என்ற தீர்ப்பையும், அதை ஒழிக்கத் தமக்குச் சட்டப்படி எவ்வளவு அதிகாரம் உண்டு என்ற கணக்கையும் லிங்கன் தனித்தனியே வைத்திருந்தார். இதைப் பிடித்துக்கொண்டால், முரண்போலத் தோன்றும் கூற்றுகள் பெரும்பாலும் பொருந்திவிடும். பொருந்தாமல் எஞ்சுபவை அவருடைய உண்மையான குறைகளைக் காட்டும்.

இந்தப் பாகுபாடு 1854இல் தெளிவாக உருப்பெற்றது. 1820இன் மிசூரி உடன்பாடு, மேற்கு நிலப்பரப்பின் வடபகுதியில் அடிமை முறையைத் தடுத்திருந்தது. செனட்டர் ஸ்டீபன் டக்ளஸ் கொண்டுவந்த கான்சஸ்–நெப்ராஸ்கா சட்டம் அந்தத் தடையை நீக்கி, முடிவைக் குடியேறியவர்களின் வாக்குக்கு விட்டது. அக்டோபர் 16 அன்று பியோரியா நகரில் பேசிய லிங்கன், தன்னைத் தான் ஆள்வது தன்னாட்சி, கூடவே பிறரையும் அவர் இசைவின்றி ஆள்வது கொடுங்கோன்மை என்று வாதிட்டார். 1776ஆம் ஆண்டின் சுதந்திரப் பிரகடனம் கூறும் சமத்துவம் கறுப்பினத்தவருக்கும் உரியது என்பது அவர் நிலை. ஆனால் அடிமை முறை ஏற்கெனவே நிலவிய மாநிலங்களில் தலையிட அரசமைப்பு நடுவண் அரசுக்கு அதிகாரம் தரவில்லை என்றும் ஒப்புக்கொண்டார். பரவாமல் தடுத்தால் அது நாளடைவில் அற்றுப்போகும் என்று நம்பினார். 1858 ஜூனில் ஸ்பிரிங்ஃபீல்டில், பிளவுண்ட வீடு நிலைக்காது என்ற விவிலிய உவமையை எடுத்தாண்டபோதும் அவர் போருக்கு அழைக்கவில்லை. நாடு முழுவதும் ஏதேனும் ஒரு பக்கம் சாய்ந்தே தீரும் என்றுதான் சொன்னார்.

இதற்கு எதிராக அடிக்கடி காட்டப்படுவது, தென் மாநிலங்கள் ஒன்றியத்திலிருந்து பிரிந்ததால் மூண்ட உள்நாட்டுப் போரின் நடுவே, நியூயார்க் ட்ரிப்யூன் இதழாசிரியர் ஹொரேஸ் கிரீலிக்கு 1862 ஆகஸ்ட் 22 அன்று எழுதிய கடிதம். தம் முதன்மை நோக்கம் ஒன்றியத்தைக் காப்பதே, அடிமைகளை விடுவிப்பதும் விடாததும் அதைப் பொறுத்ததே என்கிறார் லிங்கன். அறத்தில் நாட்டமில்லாதவரின் சொல்லாக இதைப் படிப்போர் இரண்டைக் கவனிப்பதில்லை. இது பதவிக் கடமை பற்றிய கருத்து மட்டுமே, எல்லா மனிதரும் எங்கும் விடுதலை பெற வேண்டும் என்ற சொந்த விருப்பம் மாறவில்லை என்றுதான் கடிதம் முடிகிறது. மேலும், விடுதலைப் பிரகடனத்தின் வரைவை ஜூலை 22 அன்றே அவர் அமைச்சரவையில் படித்துக் காட்டியிருந்தார். 1863 ஜனவரி 1இல் வெளியான அந்தப் பிரகடனம், ஒன்றியத்தில் தங்கிவிட்ட கென்டக்கி, மேரிலாந்து முதலிய அடிமை மாநிலங்களைத் தொடவில்லை என்ற குறையும் இவ்வாறே விளங்கும். படைகளின் தலைவர் என்ற போர்க்கால அதிகாரத்தில் பிறந்த ஆணை அது. கிளர்ச்சிப் பகுதிக்கு வெளியே அந்த அதிகாரம் செல்லாது. மீதியை அரசமைப்பின் 13ஆவது திருத்தம்தான் முடிக்க வேண்டியிருந்தது. 1865 ஜனவரி 31இல் அது கீழவையில் நிறைவேற அவர் பாடுபட்டார்.

சட்ட எல்லையை இவ்வளவு மதித்தவர் 1861இல் ஆட்கொணர்வு உரிமையை நிறுத்தி வைத்தது ஏன் என்ற கேள்வி எழும். தலைமை நீதிபதி ரோஜர் டானி அதைச் செல்லாது என்றார். ஒரு சட்டத்தைக் காப்பதற்காக மற்றெல்லாச் சட்டங்களையும் அரசையும் இழக்கலாமா என்று லிங்கன் திருப்பிக் கேட்டார். முழு நிறைவு தரும் விடை அன்று அது. இனம் பற்றிய மறுப்பு இன்னும் கனமானது. 1858 செப்டம்பர் 18 அன்று இல்லினாயின் சார்ல்ஸ்டனில், இரு இனத்தவரின் சமூக, அரசியல் சமத்துவத்தைத் தாம் ஆதரிக்கவில்லை என்றார். தேர்தல் மேடைப் பேச்சு என்று இதைத் தள்ளிவிட இயலாது. 1862 ஆகஸ்டில் வெள்ளை மாளிகைக்கு வந்த கறுப்பினக் குழுவிடமும் வெளிநாட்டில் குடியேறும்படி கூறியிருக்கிறார். இங்கே அதிகாரக் கணக்கு அவருக்குத் துணை வராது, பார்வையே குறுகியிருந்தது. அந்தப் பார்வை பின்னர் விரிந்தது. ஏறத்தாழ 1,80,000 கறுப்பினத்தவர் ஒன்றியப் படையில் சேர்ந்தபின், 1865 ஏப்ரல் 11 அன்று, அவர்களில் படைவீரர் முதலானோருக்கு வாக்குரிமை தருவதை விரும்புவதாக வெளிப்படையாகச் சொன்னார். அதைக் கேட்ட கூட்டத்தில் ஜான் வில்க்ஸ் பூத்தும் நின்றான். மூன்று நாள் கழித்து அவரைச் சுட்டான்.

லிங்கன் பெயரில் உலவும் கூற்றுகள் எல்லாம் அவருடையவை அல்ல. மகனின் ஆசிரியருக்கு எழுதியதாகத் தமிழிலும் பரவலாகப் படிக்கப்படும் கடிதம் அவரது எழுத்துத் தொகுப்பில் இல்லை. வலியோரைத் தளர்த்தி மெலியோரை வலுவாக்க முடியாது என்ற வாசகம் 20ஆம் நூற்றாண்டு மதபோதகர் வில்லியம் போட்கருடையது. இத்தகைய பொன்மொழிகளுக்கு நாளும் இல்லை, கேட்டவரும் இல்லை. எந்த மேடைக்கும் பொருந்தும். லிங்கனின் மெய்யான சொற்களோ நாள், இடம், எதிராளி ஆகியவற்றோடு கட்டுண்டவை. முன்னாள் அடிமையும் விடுதலைப் போராளியுமான பிரெடரிக் டக்ளஸ், 1876இல் வாஷிங்டன் நகரில் லிங்கன் நினைவுச் சிலைத் திறப்பில் அவரை அப்படித்தான் அளந்தார். அடிமை ஒழிப்பியக்கத்தின் இடத்திலிருந்து பார்த்தால் லிங்கன் மந்தமானவர், தம் நாட்டு வெள்ளையரின் மனப்போக்கோடு ஒப்பிட்டால் வேகமானவர் என்பது அவர் கணிப்பு. இரண்டில் ஒன்றை நீக்கிவிட்டு லிங்கனை மேற்கோள் காட்டுவது எளிது. ஆனால் அந்த மேற்கோள் பாதி லிங்கனையே காட்டும்.