வாய்வழித் தெஸ்தெஸ்தரோன்: ஈரலைக் கடந்த ஒரு மருந்தின் வரலாறு

'ஆண்மைக்குறைவு' என்னும் ஒரே சொல்லினுள் மூன்று வெவ்வேறு குறைகளை நம் மக்கள் வழக்கு அடக்கிவிட்டது. உடலுறவில் இயலாமை ஒன்று, மகப்பேறின்மை மற்றொன்று, விதைகளிற் சுரக்கும் தெஸ்தெஸ்தரோன் என்னும் ஓமோன் குன்றுதல் பிறிதொன்று. இவை ஒருவனிடத்தே ஒருங்கு காணப்படலாமாயினும் ஒன்றல்ல. மட்டக்களப்பு மாவட்டத்தின் வட எல்லையை அண்டிய கதிரவெளியை, அங்குள்ள பெருங்கற்காலப் புதைகுழிகளின் வாயிலாக வரலாற்று மாணவர் அறிவர். அவ்வூரின் வயலிலோ கடலிலோ உழைக்கும் ஆடவன் ஒருவன், சோர்வு மேலிட்டோ பிள்ளையில்லாத கவலையாலோ, பட்டினத்து மருந்துக்கடையில் ஒரு மாத்திரை கேட்பானாயின், இம்மூன்றனுள் எதற்கு மருந்து கேட்கிறான் என்பது அவனுக்கே தெளிவாயிராது. இம்மருந்தை ஆக்கிய மேனாட்டாரும் நெடுங்காலம் இத்தெளிவின்றியே இருந்தனர்.

1849ஆம் ஆண்டில் ஜேர்மனியின் கொற்றிங்கன் நகரிலே பேர்தோல்ட் என்பார் விதை நீக்கிய சேவற்குஞ்சுகளுக்கு மீண்டும் விதையைப் பொருத்தி, கொண்டையும் கூவலும் திரும்பக் கண்டார். விதையிலிருந்து ஏதோவொரு பொருள் குருதியிற் கலக்கின்றது என்பதற்கு அதுவே முதற் சான்று. அச்சான்றைப் பெரிதும் கவனிப்பாரில்லை. நாற்பது ஆண்டுகளின் பின், 1889இல், மொரிசியசுத் தீவிற் பிறந்த பிரவுன்-செக்கார் என்னும் முதிய அறிஞர், நாய், கினிப்பன்றி ஆகியவற்றின் விதைச்சாற்றைத் தம் உடலிற் செலுத்தி இளமை மீண்டதாகப் பாரிசு நகரில் அறிவித்தார். அப்போது அவருக்கு வயது 72. நீரிற் பிழிந்த சாற்றில் அவ்வோமோன் அற்பமே இருந்திருக்கும். அவர் உணர்ந்தது நம்பிக்கையின் விளைவே எனல் பொருந்தும். எனினும் அறிவித்தவர் புகழ்பெற்ற உடற்றொழிலியலாளராதலின் உலகம் நம்பிற்று. விளம்பரத்தை நம்பி வாங்குவோரை நகைப்பவர்கள் இதனை நினைவிற்கொள்ளுதல் நன்று.

தூய ஓமோன் 1935இலேயே கைக்கு வந்தது. அம்ஸ்ரடாமில் ஏர்ண்ஸ்ட் லாக்கர் குழுவினர் 100 கிலோகிராம் காளை விதைகளிலிருந்து 10 மில்லிகிராம் பளிங்கைப் பிரித்து, தெஸ்தெஸ்தரோன் எனப் பெயரிட்டனர். அதே ஆண்டில் பூற்றெனன்ற், ருசிக்கா ஆகிய இருவரும் தனித்தனியே கொலஸ்திரோலிலிருந்து அதனைச் செயற்கையாக ஆக்கினர். 1939இல் இருவருக்கும் வேதியியல் நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது. பூற்றெனன்ற் அதனை ஏற்க நாசி அரசு இடங்கொடுக்கவில்லை.

பொருள் கிடைத்தது, ஆனால் அதனை விழுங்கிப் பயன் காண முடியவில்லை. சிறுகுடலில் உறிஞ்சப்படும் உணவுச் சத்துக்களிற் பெரும்பாலானவை ஈரல் வாயினாளத்தின் வழியே முதலில் ஈரலைச் சேர்கின்றன. விழுங்கப்பட்ட தெஸ்தெஸ்தரோனும் அவ்வழியே சென்று, உடலெங்கும் பரவுமுன் ஈரலிலேயே சிதைந்துவிட்டது. ஆதலால் ஊசி மருந்தும் தோலினுட் புதைக்கும் வில்லையும் முதலில் நிலைபெற்றன.

மாத்திரையை விரும்பியோர் வேதியியலை நாடினர். மூலக்கூற்றின் 17ஆம் இடத்தில் ஒரு மெதயிற் கூட்டத்தை இணைத்தால் ஈரலால் அதனை எளிதிற் சிதைக்க இயலாது. இவ்வாறு 1935இலேயே உருவாகியது மெதயில்தெஸ்தெஸ்தரோன். அது வாய்வழியே வேலை செய்தது உண்மையே. ஆனால் சிதைக்க இயலாத அப்பொருள் ஈரலையே தாக்கிற்று. உட்கொண்டோரிடம் மஞ்சட்காமாலை தோன்றியமை 1940களில் மருத்துவ ஏடுகளிற் பதிவாயிற்று. ஈரலிற் குருதி நிரம்பிய பைகளும் கட்டிகளும் அவ்வினச் சேர்வைகளோடு தொடர்புபடுத்தப்பட்டன. ஓமோன் குறைந்தவனுக்கு ஆண்டுக்கணக்கில் தரவேண்டிய மருந்துக்கு இது தாங்கத்தக்க குற்றமன்று. இன்றைய மருத்துவ வழிகாட்டல்கள் இதனைப் பரிந்துரைப்பதில்லை.

வேறொரு வழி 1970களில் திறந்தது. நெதர்லாந்தின் ஒஸ் நகரிலிருந்த ஒர்கனொன் நிறுவனத்தார் தெஸ்தெஸ்தரோனை அண்டெக்கனோயேற்று என்னும் நீண்ட கொழுப்பமிலச் சங்கிலியோடு பிணைத்து, எண்ணெயிற் கரைத்துக் குளிகையாக்கினர். அந்நிறுவனத்தை 1923இல் தொடக்கியோருள் மேற்சொன்ன லாக்கரும் ஒருவர். கொழுப்போடு கொழுப்பாய்க் கலந்த மருந்தின் ஒரு பகுதி, ஈரல் வாயினாளத்தை விடுத்து நிணநீர்க் கான்களின் வழியே குருதியை அடைந்தது. எதிர்த்து நின்று வெல்ல முடியாத ஈரலைச் சுற்றிச் சென்று கடந்ததே இம்மருந்தின் சிறப்பு.

இச்சிறப்பிலேயே அதன் நிபந்தனையும் அடங்கியுள்ளது. உணவிற் கொழுப்பு இல்லாதபோது நிணநீர் வழி திறப்பதில்லை. விடியலில் வெறுங்கஞ்சி குடித்துவிட்டுக் கடலுக்குப் போகும் ஒருவன் அக்குளிகையை அதனோடு விழுங்குவானாயின் பெரும்பகுதி வீணே. கொழுப்புக் கலந்த உணவோடு, நாளுக்கு இருமுறை, மருத்துவர் குறித்த அளவில் உட்கொள்ள வேண்டும். பலன் போதாதெனத் தானே அளவைக் கூட்டுதல் ஆகாது. ஐக்கிய அமெரிக்காவில் 2019ஆம் ஆண்டிலும் 2022ஆம் ஆண்டிலும் அனுமதி பெற்ற புதிய குளிகைகளும் இதே சேர்வையைக் கொண்டனவே. குருதியமுக்கம் உயரலாம் என்ற எச்சரிக்கை அவற்றின் உறையில் முதன்மையாக அச்சிடப்பட்டது.

ஈண்டு இலங்கை வரலாறு ஒன்றும் இயைபுடையது. பேராசிரியர் சேனக பிபிலேயின் முயற்சியால் 1971இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் தோன்றியபோது, வணிகப் பெயரை விடுத்து மருந்தின் பொதுப்பெயரால் எழுதுதல் வற்புறுத்தப்பட்டது. அதனைப் பொருளாதாரச் சிக்கனமாக மட்டும் நோக்குவோர் உளர். கவர்ச்சியான வணிகப் பெயரின் கீழே சிறிய எழுத்தில் 'மெதயில்' என்றிருக்கின்றதா, 'அண்டெக்கனோயேற்று' என்றிருக்கின்றதா என்பதை வாசித்தறிதல் ஈரலைக் காக்கும் செயலுமாகும்.

மருந்துக்கு முன்னர் நோய் உறுதிப்பட வேண்டும். தெஸ்தெஸ்தரோன் காலையில் உயர்ந்தும் மாலையில் தாழ்ந்தும் இருக்குமாதலின், வெறுவயிற்றில், காலையிலே, வெவ்வேறு நாட்களில் இருமுறை குருதி சோதிக்கப்படுகின்றது. கதிரவெளியிலிருந்து மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலைக்கு 60 கிலோமீற்றருக்கு மேல். உண்ணாமல் முதற் பேருந்தைப் பிடித்து இருமுறை சென்று வருதல், கூலிக்குப் போகிறவனுக்கு இரண்டு நாட் சம்பளத்தை இழப்பதாகும். ஆயினும் அச்சோதனைக்கு மாற்றில்லை. சோர்வு என்பது நீரிழிவாலும் உறக்கக் குறைவாலும் மனத்துயராலும் வருவதே. கூவைக்கட்டு விதைகளைத் தாக்கியமை, கபச்சுரப்பியிற் கட்டி, தலசீமியாவுக்குப் பன்முறை குருதியேற்றியதால் இரும்பு படிதல் முதலிய காரணங்களையும் மருத்துவர் தேடுவர். புரோஸ்தேற்றுப் புற்றுநோய் உடையோருக்கும், செங்குருதிக் கலங்கள் மிகுந்தோருக்கும், குருதியமுக்கம் கட்டுப்படாதோருக்கும், அண்மையில் மாரடைப்பு உற்றோருக்கும் இது தரப்படுவதில்லை. தொடங்கிய பின்னரும் சில மாதங்களுக்கொருமுறை குருதியும் அமுக்கமும் பார்க்கப்படுதல் வேண்டும்.

பிள்ளையில்லாத கவலையோடு மருந்து கேட்பவனை இனி நோக்குவோம். வெளியிலிருந்து தெஸ்தெஸ்தரோன் வந்ததும், கபச்சுரப்பி தன் ஏவலை நிறுத்திவிடுகின்றது, விதைகள் ஓய்கின்றன, விந்தணு குறைகின்றது. உலக சுகாதார நிறுவனம் 1990இல் வெளியிட்ட ஆய்வொன்றில், ஏழு நாடுகளைச் சேர்ந்த 271 ஆடவருக்கு வாரந்தோறும் தெஸ்தெஸ்தரோன் ஊசி கருத்தடையாகவே செலுத்தப்பட்டது. பெரும்பாலோரிடம் விந்தணு அறவே இல்லாதொழிந்தது. ஊசியை நிறுத்திய பின் அது மீளப் பல மாதங்கள் சென்றன. மக்கள் 'ஆண்மை மருந்து' எனக் கருதும் பொருளை அறிவியலாளர் கருத்தடைக்குப் பயன்படுத்தினர். ஓமோன் குறைந்தும் பிள்ளைப்பேறு வேண்டியும் நிற்பவனுக்குக் கபச்சுரப்பியிலேயே குறையிருப்பின், அதன் ஏவலை ஒத்த வேறு ஊசிகள் உள்ளன. அவை விலை மிக்கவை. வாரத்தில் பன்முறை ஏற்றப்படுபவை. பல மாதங்கள் தொடரப்படுபவை.