உட்பகையும் ஒரு தேர்தலும்

புறப்பகையைக் காட்டிலும் உட்பகையே அஞ்சத்தக்கது என்பது தமிழறிந்தோர்க்குப் புதிய செய்தியன்று. வள்ளுவர் அதற்கென ஓர் அதிகாரமே வகுத்துள்ளார். அன்று வேந்தருக்கு உரைத்த அவ்வுண்மை, மக்களாட்சிக் காலத்துக் கட்சிகளுக்கும் பொருந்தும் என்பதற்கு 1912ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவின் குடியரசுக் கட்சியில் விளைந்த பிளவு தக்க சான்றாகும்.

அப்பிளவின் இரு புறமும் நின்றோர் நெடுநாள் நண்பர்கள். தியடோர் ரூஸ்வெல்ட் 1901 முதல் 1909 வரை ஜனாதிபதியாய் இருந்தவர். அவருடைய மந்திரிசபையில் யுத்த மந்திரியாய்ப் பணியாற்றியவர் வில்லியம் ஹவார்ட் டாப்ட். தமக்குப் பின் டாப்டே பதவிக்கு வருதல் வேண்டும் என விரும்பிய ரூஸ்வெல்ட், 1908இல் அவ்வாறே அவரை முன்னிறுத்தி வெற்றியும் காணச் செய்தார். ஆயினும் நான்கு ஆண்டுகள் கழியுமுன் அந்நட்பு முறிந்தது. காடுகளைக் காக்கும் திணைக்களத்தின் தலைவராய் இருந்த பின்ஷோ என்னும் ரூஸ்வெல்ட்டின் நண்பரை டாப்ட் 1910இல் பதவி நீக்கினார். ரூஸ்வெல்ட் தமது ஆட்சியில் இணங்கியிருந்த ஓர் உருக்குக் கம்பனி உடன்பாட்டைக் குறைகூறும் வழக்கொன்றை டாப்டின் அரசாங்கம் 1911இல் தொடுத்தது. 1912 பெப்ரவரியில் ரூஸ்வெல்ட் தாமும் அபேட்சகரே என அறிவித்தார்.

இங்கே ஒன்றை விளக்குதல் வேண்டும். அமெரிக்காவில் ஒரு கட்சியின் அபேட்சகரை அக்கட்சியின் தேசிய மகாநாடு தெரிவுசெய்யும். அம்மகாநாட்டிற்குச் செல்லும் பிரதிநிதிகளைப் பழைய முறைப்படி மாநிலத்துக் கட்சித் தலைவர்களே பெரும்பாலும் தீர்மானித்து வந்தனர். கட்சியின் சாதாரண வாக்காளரே அவர்களைத் தெரிவுசெய்யும் முதனிலைத் தேர்தல் அப்பொழுது புதிய முறை. 1912இல் 48 மாநிலங்களுள் ஏறக்குறைய ஒரு டசின் மாநிலங்களே அதனைக் கைக்கொண்டிருந்தன. ஆகவே ஒரே போட்டி இருவேறு விதிகளின் கீழ் நடைபெற்றது. சச்சரவின் வித்து இதுவே.

முதனிலைத் தேர்தல்களில் ரூஸ்வெல்ட் 11 இலட்சத்திற்கு மேற்பட்ட வாக்குகளைப் பெற்றார். டாப்ட் பெற்றவை 8 இலட்சம் அளவினவே. டாப்டின் சொந்த மாநிலமாகிய ஒஹாயோவும் ரூஸ்வெல்ட்டையே தெரிந்தது. ஆயினும் பழைய முறை நிலவிய மாநிலங்களில், சிறப்பாகத் தெற்கில், உத்தியோகங்களை வழங்கும் அதிகாரம் ஜனாதிபதியின் கையிலிருந்தமையால் பிரதிநிதிகள் டாப்டின் பக்கமே திரண்டனர். ஒரு சாரார் மக்கள் வாக்கைக் காட்டினர். மறு சாரார் கட்சி விதியைக் காட்டினர். ஒவ்வொருவரும் நீதி தம்பாலது என மெய்யாகவே நம்பினர்.

நம்பிக்கை வெறியாக மாற நாள் செல்லவில்லை. மிச்சிகன் மாநிலத்துப் பே சிற்றி நகரில் ஏப்பிரலில் கூடிய மாநில மகாநாட்டில் இரு தரத்தாரும் கைகலந்தனர். படைவீரரைக் காவலுக்கு அழைக்க வேண்டியதாயிற்று. தலைவர்களின் நாவும் கட்டவிழ்ந்தது. டாப்ட் ரூஸ்வெல்ட்டை ஆபத்தான தன்னலக்காரர் என்றார். ரூஸ்வெல்ட் டாப்டை மந்தபுத்தியினர் என இகழ்ந்தார். ஏப்பிரல் இறுதியில் பொஸ்டன் நகரில் பழைய நண்பரைக் கடிந்து பேசியபின், டாப்ட் தம் புகையிரதப் பெட்டியில் தனித்திருந்து கண்ணீர் விட்டதைச் செய்தியாளர் ஒருவர் கண்டார்.

யூன் 18ஆந் திகதி சிக்காக்கோவில் தேசிய மகாநாடு கூடியது. மொத்தப் பிரதிநிதிகள் 1,078 பேர். வெற்றிக்கு வேண்டியவை 540 வாக்குகள். 254 ஆசனங்கள் பற்றி வழக்கு எழுந்தது. டாப்டின் ஆதரவாளர் மிகுந்த தேசியக் குழு, 235 ஆசனங்களை டாப்டுக்கும் 19 ஆசனங்களை மட்டும் ரூஸ்வெல்ட்டுக்கும் வழங்கியது. ரூஸ்வெல்ட் தரப்பார் எழுப்பிய வழக்குகளுட் பல வலுவற்றவை என்பது உண்மையே. ஆனால் வழக்காளியே நீதிபதியாய் அமர்ந்த இடத்தில் நேரிய தீர்ப்பும் அநீதியாகவே தோன்றும். இக்குழுவின் இதே முறை 1908இல் டாப்டுக்கு உதவியபோது ரூஸ்வெல்ட் அதனைக் கண்டித்தாரல்லர் என்பதும் மறக்கத்தக்கதன்று.

மண்டபத்திலே மேடையைச் சூழ்ந்த அலங்காரத் துணிகளுக்கு அடியில் முட்கம்பி சுற்றப்பட்டிருந்தது. தம் கட்சியினரே மேடையைத் தாக்கக்கூடும் என்று அஞ்சி ஒரு கட்சி முட்கம்பி கட்டிய காட்சி அது. டாப்டின் பக்கத்தவரான எலிஹு ரூட் 558 வாக்குகளால் தலைவரானார். அவர் தீர்ப்புக் கூறும்போதெல்லாம், வீதியைச் செப்பனிடும் நீராவி உருளை தம்மை நசுக்குகிறதெனக் குறிக்க, எதிர்த்தரப்பார் அதன் ஊதொலியை வாயினால் எழுப்பி ஏளனம் செய்தனர். இறுதியில் டாப்ட் 561 வாக்குகள் பெற்றார். ரூஸ்வெல்ட்டின் பிரதிநிதிகளுள் 340க்கு மேற்பட்டோர் வாக்களியாது வாளா இருந்தனர். அந்த மௌனம் கூச்சலினும் கொடியதாயிற்று.

ஓகஸ்டில் ரூஸ்வெல்ட்டை அபேட்சகராக நிறுத்தி முற்போக்குக் கட்சி என்னும் புதுக்கட்சி தோன்றியது. நவம்பரில் நடந்த தேர்தலில் ஜனநாயகக் கட்சியின் வூட்ரோ வில்சன் நூற்றுக்கு 42 வீத வாக்குகளுடன் 435 தேர்வாளர் வாக்குகளை வென்றார். ரூஸ்வெல்ட் 88 பெற்றார். பதவியிலிருந்த டாப்டுக்குக் கிட்டியவை 8 மட்டுமே. இருவர்க்கும் மக்கள் அளித்த வாக்குகளைக் கூட்டினால் அவை நூற்றுக்கு 50 வீதத்தைத் தாண்டும்.

1918இல் சிக்காக்கோவின் ஒரு விடுதியில் உணவருந்திக்கொண்டிருந்த ரூஸ்வெல்ட்டை டாப்ட் தாமே சென்று கண்டார். அங்கிருந்தோர் கைதட்டி மகிழ, இருவரும் சமாதானமாயினர். அடுத்த ஆண்டு ரூஸ்வெல்ட் மறைந்தபோது அவருடைய கல்லறையருகே டாப்ட் கண்ணீர் சிந்தி நின்றார். தலைவர்கள் இணங்கினர், ஆயினும் அவர்களுக்காகக் கைகலந்த தொண்டர்களின் கட்சி 1920 வரை ஜனாதிபதி பதவியை மீட்க இயலவில்லை.

முதனிலைத் தேர்தல் அப்போட்டியோடு நிலைபெற்றுவிடவுமில்லை. 1968ஆம் ஆண்டின் பின் செய்யப்பட்ட சீர்திருத்தங்களாலேயே பிரதிநிதிகளுட் பெரும்பாலோரைத் தெரியும் வழியாக அது அமைந்தது. தோற்றவர் தோல்வியை ஒப்புக்கொள்ள வேண்டுமாயின், எண்ணும் முறையை இரு தரத்தாரும் போட்டிக்கு முன்னரே ஒப்புக்கொண்டிருத்தல் வேண்டும். 1912இல் குடியரசுக் கட்சியார் வாக்கைத் தேடி ஊர் ஊராய்ச் சென்றனர்; எந்த வாக்குச் செல்லும் என்பதையோ சிக்காக்கோ மண்டபத்தில் முட்கம்பிக்கு நடுவே நின்றே தீர்மானிக்க முற்பட்டனர்.